காக்கும் நெருப்பும் கொல்லும் நெருப்பும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே மேற்கு நோக்கி நடப்பவர், மலையின் அடிவாரத்தில் ரமணாசிரமத்தைக் காண்பார். உள்ளே மயில்கள் உலவும். மரநிழலில் பல நாட்டவர் கண்மூடி அமர்ந்திருப்பர். சாலைக்கு இந்தப் பக்கம் வாழ்க்கை வேறு. வந்தவர்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்தும், விடுதிகளில் பாத்திரம் தேய்த்தும், இட்டிலி சுட்டு விற்றும் பிழைக்கின்ற குடும்பங்கள் இங்கே நெருக்கமாக வாழ்கின்றன. அவற்றுள் சில நம் பங்கைச் சேர்ந்தவை. அத்தகைய வீடொன்றில் நான் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு நான் அளித்த தவறான விடையுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

அந்தத் தாய்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விறகடுப்பின் முன் அமர்ந்து, விடியுமுன் இட்டிலி அவித்து விற்று, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். பீடியையோ சுருட்டையோ தொட்டறியாதவர். வெற்றிலை போடும் பழக்கம்கூட இல்லாதவர். விடாத இருமல் வந்தபோது முதலில் சளி என்றார்கள். பிறகு காசநோயாக இருக்கும் என்றார்கள். முடிவில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது நோய் முற்றியிருந்தது.

நான் நற்கருணை எடுத்துச் சென்ற ஒரு முதல் வெள்ளிக்கிழமையன்று, செபம் முடிந்ததும் அவர் கேட்டார்: "சாமி, நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்லையே. எனக்கு எதுக்கு இது வந்தது? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் குருவாக இருந்தவனுக்கு நாவில் முதலில் வந்து நின்றது, பழகிப்போன விடைதான். "எல்லாம் ஆண்டவருடைய திருவுளம், அம்மா" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் "சரிங்க சாமி" என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவர் கேட்டது ஒன்று. நான் சொன்னது மற்றொன்று. நான் பாவியா என்று அவர் கேட்டார். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், பழியை விண்ணகத்தின் மீது ஏற்றிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.

பழைய கேள்வி

இது புதிய கேள்வியன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் ஆண்டவரிடம் வினவியதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. இருவருமல்லர் என்பதே ஆண்டவரின் மறுமொழி. துன்பத்துக்குக் காரணம் பாவமே என்று அடித்துப் பேசிய யோபுவின் நண்பர்களை இறைவனே கடிந்துகொள்கிறார். துன்பத்தின் பொருள் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-ஆம் ஆண்டில் எழுதிய திருமுகமும், எல்லாத் துன்பமும் குற்றத்தின் தண்டனையே என்பது உண்மையன்று எனத் தெளிவாக உரைக்கிறது. இவ்வளவும் குருமடத்தில் கற்றவைதாம். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது நாம் யோபுவின் நண்பர்களாகவே மாறிவிடுகிறோம்.

இந்த ஊரே இக்கேள்வியை முக்கால் நூற்றாண்டுக்கு முன் கண்ணெதிரே கண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து அகற்றினார்கள். அது மீண்டும் முளைத்தது. மார்ச்சு மாதத்தில் சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்து மறுபடியும் அறுத்தார்கள். புண் ஆறவில்லை. சோதித்துப் பார்த்தபோது அது சார்க்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று கூறப்பட்ட யோசனையை அவர் ஏற்கவில்லை. ரேடியம் வைத்தார்கள், ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இருமுறை அறுவை நடந்தது, நாட்டு மருத்துவமும் ஓமியோபதியும் முயன்று பார்க்கப்பட்டன. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உயிர் பிரிந்தது. உடல் நொந்த நாள்களிலும் தம்மைக் காண வந்தவர்களுக்கு அவர் தரிசனத்தை மறுக்கவில்லை.

அந்நோய் தொடங்கிய காலத்தில், 1949 சனவரியில், இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் இங்கு வந்தார்கள். ஒருவர் மோன்சானின் அடிகள். மற்றவர் பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ அடிகள். அடுத்த ஆண்டு குளித்தலை அருகே சாந்திவனத்தை நிறுவியவர்கள் இவர்களே. லெ சோ அடிகள் பின்னர் இம்மலையின் குகைகளிலும் தங்கித் தியானித்தார்.

ஒரு துறவியின் உடலைப் புற்று தின்றதைக் கண்ட மக்கள் என்ன சொல்லிக்கொண்டார்கள்? அன்பர்களின் வினையை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்று அடியார்களிற் சிலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் ஒன்று விளங்குகிறது. பெரியவர் ஒருவருக்கு நோய் வந்தால் அதில் தியாகத்தைக் காண்கிறோம்; இட்டிலி விற்கும் ஏழைத் தாய்க்கு அதே நோய் வந்தால் பாவத்தைத் தேடுகிறோம். நோய் ஒன்றுதான், நம் நீதித் தராசு மட்டும் ஆளுக்கொன்றாக இருக்கிறது.

உடலுக்குள் ஒரு தீ

அத்தாயைப் பார்த்துவந்த ஓர் இளம் மருத்துவரிடம் என் மனக்கலக்கத்தைச் சொன்னேன். அவர் இரண்டு மாலைப்பொழுதுகள் எனக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு நானும் தேடிப் படித்தேன். அறிந்துகொண்டதை எளிய சொற்களில் இங்கே தருகிறேன்.

நம் உடலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமையரான செல்சுஸ் எழுதிவைத்தார். இதனை இன்று அழற்சி என்கிறோம். அழல் என்பது நெருப்பு. பெயர் வைத்த தமிழர் சரியாகவே வைத்தார்கள். இது நோயன்று, காவல். கிருமி நுழைந்த இடத்துக்கு வெள்ளணுக்களை அழைத்துவந்து, பகையை எரித்து, புண்ணை ஆற்றுவதற்காக இறைவன் உடலுக்குள் வைத்த நெருப்பு. இது இல்லாவிட்டால் ஒரு சிறு கீறலே நம்மைக் கொன்றுவிடும்.

1863-ஆம் ஆண்டிலேயே செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ், புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, நீண்டநாள் எரிச்சல் உள்ள இடத்தில்தான் புற்று பிறக்கிறது என்று ஊகித்தார். 1986-இல் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ட்வோராக், புற்றுக் கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டார். ஆறுவதற்காக உடல் செய்யும் ஏற்பாடுகளையெல்லாம் கட்டி தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர் கருத்து.

இது எவ்வாறு நிகழ்கிறது? நுரையீரலுக்குள் புகையின் நுண்துகள்கள் இறங்கும்போது, அங்கே காவல் நிற்கும் விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கப் பார்க்கின்றன. அப்போது இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப். முதலிய புரதங்களை வெளியிடுகின்றன. இவை ஆபத்து வந்தது என்று அறிவிக்கும் தூதர்கள். அருகிலுள்ள உயிரணுவின் வெளிச்சுவரில் இத்தூதரை ஏற்கும் வாயில் ஒன்று உண்டு. உயிரணுவுக்குள் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம், மற்றொரு புரதத்தால் கட்டப்பட்டுக் காத்திருக்கிறது. 1986-இல் இதனைக் கண்டறிந்தவர்கள் டேவிட் பால்டிமோரும், அவருடன் பணியாற்றிய இந்தியரான ரஞ்சன் சென்னும். தூது வந்ததும் கட்டு அறுபடுகிறது. விடுபட்ட புரதம் உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று, உறங்கும் மரபணுக்கள் பலவற்றை எழுப்புகிறது.

அவ்வாறு எழுப்பப்படுவனவற்றுள் ஒன்று காக்ஸ்-2 என்னும் நொதியின் மரபணு. நொதி என்பது உயிரணுவின் கைத்தொழிலாளி. ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றித் தருவது. காக்ஸ்-2 நொதி, உயிரணுவின் கொழுப்பிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உருவாக வழிசெய்கிறது. காய்ச்சலும் வலியும் வீக்கமும் இவற்றால் வருகின்றன. ஆஸ்பிரின் மாத்திரை தலைவலியைத் தீர்ப்பது இப்பொருள்களின் உற்பத்தியைத் தடுத்துத்தான் என்று 1971-இல் கண்டவர் ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்நொதிக் குடும்பத்தில் காக்ஸ்-1 எப்போதும் வேலையில் இருப்பது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதன் பணிகளில் ஒன்று. காக்ஸ்-2 பெரும்பாலான உறுப்புகளில் அழைத்தால் மட்டுமே வருவது. வேலை முடிந்ததும் ஓய்வது.

நுரையீரல் புற்றணுக்களில் பலவற்றில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் நுரையீரல் புற்றணுக்களின் மீது இன்டர்லூகின்-1 பீட்டாவைச் சேர்த்தால், சில மணி நேரத்திலேயே காக்ஸ்-2 பெருகுவதைக் காணலாம். பெருகிய நொதி உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் அப்புற்றணுவைச் சாகவிடாமல் தடுக்கிறது. அதற்கு உணவூட்டப் புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. அதைக் கொல்ல வரும் காவலணுக்களின் கையைக் கட்டிவிடுகிறது. வீட்டைக் காக்க மூட்டிய தீயில் திருடன் குளிர்காய்கிறான்.

இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிதும் பயன்படும் உயிரணுக்களுக்கு ஏ549 என்று பெயர். 1972-ஆம் ஆண்டில், ஐம்பத்தெட்டு வயதான ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து அவை எடுக்கப்பட்டன. இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் அவை வளர்ந்துகொண்டிருக்கின்றன. அம்மனிதருக்கும் யாரேனும் ஒரு குரு நோயிற்பூசுதல் கொடுத்திருக்கலாம்; அவரும் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

தீமைக்குத் தனி உருவம் உண்டா?

இதைக் கேட்டபோது குருமடத்து மெய்யியல் வகுப்பு என் நினைவுக்கு வந்தது. தீமை என்பது தன்னளவில் ஒரு பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாமற் போவதே தீமை என்று புனித அகுஸ்தீனார் கற்பித்தார். நன்மைக் கடவுளும் தீமைக் கடவுளும் இருவேறாக இருந்து போரிடுகின்றனர் என்னும் மானியின் சமயத்தில் இளமையில் மயங்கிக் கிடந்து மீண்டவர் அவர். புனித தாமஸ் அக்குவினாரும் அதே வழியில், கண்ணின் குருட்டுத்தன்மை கண்ணில் சேர்ந்த ஒரு பொருளன்று, பார்வையின் இன்மையே என்று விளக்கினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம், இந்த நொதியின் கதையில் எனக்குப் புதிய பொருள் தந்தது.

காக்ஸ்-2 தீயதா? அன்று. புண்ணை ஆற்ற உதவுவது அதுவே. இன்டர்லூகின் தீயதா? அன்று. அதன் அழைப்பு இல்லையேல் கிருமிகளுக்கு நாம் இரையாவோம். புகையினின்று நம்மைக் காக்க ஓடிவந்த விழுங்கணு தீயதா? அது தன் கடமையைத்தான் செய்தது. புற்றுநோயின் கையில் உள்ள கருவிகள் ஒன்றேனும் அதன் சொந்தக் கருவியன்று. யாவும் உடலின் நன்மைக்காக இறைவன் தந்தவை. இல்லாமற் போனது ஒன்றே: எப்போது நிறுத்துவது என்னும் ஒழுங்கு.

இங்கே ஓர் அழகிய உண்மையையும் மருத்துவர் சொன்னார். அழற்சி தானாக அடங்கிவிடுவதில்லையாம்; அதை அணைப்பதற்கென்றே உடல் தனிப் பொருள்களை உண்டாக்குகிறதாம். சார்லசு செர்ஹான் முதலியோரின் ஆய்வுகள் இதனைக் காட்டின. முதலில் தீயை மூட்டிய புராஸ்டாகிளாண்டின்களே, உரிய நேரம் வந்ததும், தீயணைக்கும் பொருள்களை உருவாக்கும்படி உயிரணுக்களைத் திருப்பிவிடுகின்றன. மூட்டத் தெரிந்ததற்கே அணைக்கவும் தெரியும். அந்தத் திருப்பம் நிகழாமற் போவதே கேடு. நம் சினமும் அப்படிப்பட்டதுதானே? அநீதியைக் கண்டு எழும் சினம் நல்லது. கதிரவன் மறையுமுன் அது தணியவேண்டும் என்பது பவுலடியாரின் அறிவுரை. ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் சினம், நியாயத்தில் பிறந்திருந்தாலும், குடும்பங்களைத் தின்றுவிடுகிறது. மன்னிப்பும் காலப்போக்கில் தானாக வருவதன்று. முயன்று செய்யவேண்டிய செயல்.

ஆயினும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். தீமை என்பது நன்மையின் இன்மை என்று சொல்வதால், மூச்சுத் திணறும் ஒருவருக்கு மூச்சு வந்துவிடுவதில்லை. அவருடைய வலி இன்மையன்று, உண்மையிலும் உண்மை. அகுஸ்தீனாரின் விளக்கம் துன்பத்துக்கு மருந்தன்று. படைத்தவர் மீது வீசப்படும் பழிக்கு மறுமொழி. உன்னைக் கொல்லவென்று இறைவன் எதையும் படைத்து அனுப்பவில்லை என்ற அளவில் அது உண்மை சொல்கிறது. "ஆண்டவருடைய திருவுளம்" என்று நான் சொன்னபோது அந்த உண்மையைத்தான் மறைத்துவிட்டேன். அனுப்பியவர் அவரே என்று அத்தாயின் காதில் விழும்படி செய்துவிட்டேன்.

களைகளும் கோதுமையும்

இலண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சார்லசு ஸ்வாண்டனும் அவர் குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. நோயற்ற நுரையீரல் திசுக்களை 295 பேரிடமிருந்து பெற்று நுணுகி ஆராய்ந்தார்கள். புற்றைத் தூண்டவல்ல ஒருவகை மரபணு மாற்றம் அவற்றுள் 18 விழுக்காட்டிலும், மற்றொரு வகை 53 விழுக்காட்டிலும் காணப்பட்டன. அதாவது, நலமாக இருக்கும் நம்மில் பலருடைய நுரையீரலிலும் களையின் விதை ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. வயது ஏற ஏற உயிரணுக்கள் பிரியும்போது நேரும் தற்செயலான பிழைகளால் அது விழுகிறது. பெரும்பாலும் அவ்விதை முளைப்பதில்லை. காற்றிலுள்ள நுண்துகள்கள் உள்ளே புகுந்து, விழுங்கணுக்கள் இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளியிட்டு, அழற்சி மூளும்போது அது விழித்தெழுகிறது என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. அந்தத் தூதுப் பொருளைத் தடுத்தபோது எலிகளுக்குப் புற்று குறைந்தது.

அப்படியானால் தூதரையே தடுத்துவிடலாமே? முயன்று பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 10,000-க்கும் மேற்பட்டோருக்கு நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்தை உயர்ந்த அளவில் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றால் நேர்ந்த மரணங்கள் 77 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால் அதே மருந்து பெற்றவர்களிடையே கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடியிருந்தார்கள். காவலைக் குறைத்தால் கள்வனும் புகுவான் அல்லவா? பின்பு, புற்று ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்து நடத்திய சோதனைகள் 2021-லும் 2022-லும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காக்ஸ்-2 நொதியைத் தடுக்கும் மருந்தும் முற்றிய நுரையீரல் புற்று உடையோரின் வாழ்நாளை நீட்டவில்லை.

களையைப் பிடுங்கும்போது கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று எச்சரித்த மத்தேயு நற்செய்தியின் நிலக்கிழார் என் நினைவுக்கு வந்தார். ஆனால் அவ்வுவமையை இங்கே தவறாகப் பயன்படுத்தக் கூடாது. மனிதரைத் தீர்ப்பிட அவசரப்படாதே என்பதற்குச் சொல்லப்பட்ட உவமை அது. நோயைத் தீர்க்க முயலாதே என்பதற்கன்று. நான் கற்றுக்கொண்டது வேறு. விதை எல்லார் வயலிலும் விழுந்திருக்கிறது. யார் வயலில் முளைத்தது என்பதை வைத்து எவரையும் பாவி என்று சுட்ட முடியாது. பிடுங்குவது கடினம் என்றால், முளைக்கவைக்கும் நீரை நிறுத்துவதே அறிவு. அந்த நீர், புகை.

யார் மூட்டிய புகை?

இங்கேதான் கேள்வி திசை திரும்புகிறது. விதை விழுந்தது தற்செயல். புகை தற்செயலன்று.

திறந்தவெளிக் காற்றின் மாசு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது. வீட்டுக்குள் விறகும் வறட்டியும் எரிப்பதால் எழும் புகையைப் புற்றுநோய் தரக்கூடியதாகக் கருதத்தக்கது என்று அதற்கு முன்பே வகைப்படுத்தியிருந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களின் அடுக்களைகளுக்கே சென்று, அங்குள்ள காற்றின் துகள்களை அளந்தார்கள். எரிவாயுவில் சமைப்பவரைவிட விறகில் சமைப்பவர் பன்மடங்கு புகையை உட்கொள்கிறார் என்பதை அந்த அளவீடுகள் காட்டின. ஆசிய நாடுகளில் நுரையீரல் புற்று வரும் பெண்களில் பெரும்பகுதியினர் புகை பிடித்தே அறியாதவர்கள் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணவேண்டும்.

இந்தத் தாய்க்கு நோய் வந்தது அடுப்புப் புகையினால்தான் என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் அவர் அந்தப் புகையில் இருந்தார் என்பது உண்மை. அந்த அடுப்பில் வெந்ததை உண்டவர்கள் நாம் என்பதும் உண்மை. பங்குத் திருவிழாக்களின் காலையில் அவர் வீட்டு இட்டிலி குருமனைக்கு வரும். அதன் மென்மையைப் புகழ்ந்திருக்கிறேன். அவர் கண்கள் ஏன் எப்போதும் சிவந்திருக்கின்றன என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புத் தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. இணைப்பு பல வீடுகளுக்கு வந்தது. ஆனால் உருளை தீர்ந்தால் மீண்டும் நிரப்பக் காசில்லை. இத்தாயின் வீட்டிலும் அடுப்பு இருந்தது. விருந்தினர் வந்தால் தேநீர் வைக்க அதைப் பற்றவைப்பார்கள். வியாபாரத்துக்கு விறகுதான் கட்டுபடியாகும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய இயற்கை குறித்த சுற்றுமடலில், சமைக்க எரிக்கும் பொருள்களின் புகையால் மக்கள் நோயுறுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். அம்மடலைப் பற்றி நான் ஆலயத்தில் மறையுரை ஆற்றியிருக்கிறேன். காடுகளைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசினேன். அடுக்களையைப் பற்றிப் பேசவில்லை.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில், செய்தவற்றோடு செய்யத் தவறியவற்றையும் அறிக்கையிடுகிறோம். பின்னதை நாம் பொதுவாக விரைந்து கடந்துவிடுகிறோம். பாவம் எங்கே என்று அத்தாய் கேட்டாரே, அதற்கு விடை இருந்தது. அது அவரிடத்தில் இல்லை. புகைபோக்கி வைக்காத வீட்டைக் கட்டியவரிடத்திலும், பெண்ணுக்குரிய இடம் அடுப்படி என்று விட்டுவிட்டுத் திண்ணையில் காற்று வாங்கிய ஆண்களிடத்திலும், உண்டுவிட்டுக் கைகழுவிய என்னிடத்திலும் அது சிறிது சிறிதாகப் பரவிக் கிடந்தது. ஒருவர் மீதும் குற்றம் சாட்ட முடியாதபடி எல்லார் மீதும் மெல்லிய கரியாகப் படிந்த பாவம் அது.

புகை பிடித்து நோயுற்றவர் என்றால் மட்டும் பழிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. பீடி தீது என்று சொல்வது நம் கடமை. பீடி பிடித்தவர் படுக்கையில் விழுந்தபின் அதைச் சொல்லிக்காட்டுவது கொடுமை. பசியை மறக்கப் பீடி பற்றவைத்த கூலித் தொழிலாளர் எத்தனையோ பேர். அவருடைய நுரையீரலிலும் நடந்தது அதே கதைதான்: காக்க வந்த தீ அணையத் தெரியாமல் நின்றுவிட்டது. நோயாளியின் முன்னால் நாம் வழக்குமன்றத்தைத் திறக்கக் கூடாது.

திரும்பவும் அந்த வீட்டில்

இவையெல்லாம் ஓரளவு எனக்குத் தெளிந்தபின் ஒருநாள் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றேன். பேச்சு மெலிந்திருந்தது. முதுகில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார்.

"அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை" என்றேன். "இது உங்கள் பாவத்தால் வந்ததில்லை. ஆண்டவர் அனுப்பியதும் இல்லை. உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றத்தான் இத்தனை நாளும் போராடியது."

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "அப்ப ஆண்டவருக்கு என் மேல கோபம் இல்லைங்களா, சாமி?"

"இல்லை, அம்மா."

"அது போதும்" என்றார். பிறகு மருமகளைச் சுட்டிக்காட்டி, "அவளைத்தான் அந்த அடுப்புல உட்கார வேணாம்னு சொல்லுங்க, சாமி. என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறா" என்றார்.

நான் மெய்யியலில் தேடிய விடையை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஏன் எனக்கு என்ற கேள்வியிலிருந்து இனி யாருக்கும் வேண்டாம் என்ற அக்கறைக்கு அவர் கடந்துவிட்டிருந்தார். பார்வையற்றவனைப் பற்றிச் சீடர்கள் கடந்த காலத்தை நோக்கிக் கேட்டபோது, ஆண்டவரும் இனிச் செய்யவேண்டிய பணியைச் சுட்டி, குனிந்து மண்ணைக் குழைத்து அதைச் செய்யவும் செய்தார் அல்லவா?

அடுத்த கார்த்திகைக்கு முன் அவர் இறைவனடி சேர்ந்தார். தீபத்திருநாளன்று மலையுச்சியில் சுடர் ஏற்றப்பட்டதைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் பார்த்தேன். இந்த மலையை நெருப்பின் உருவாகவே வழிபடும் ஊர் இது. நெருப்பு வணங்கத்தக்கது என்பதும் அஞ்சத்தக்கது என்பதும் இம்மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

அவருடைய மருமகள் இப்போதும் இட்டிலி விற்கிறார். பக்தசபைப் பெண்களும் வின்சென்ட் தெ பவுல் சபையினரும் சேர்ந்து அவ்வீட்டு அடுப்புக்குக் கூரைக்கு மேல் போகும் ஒரு புகைபோக்கி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உருளை நிரப்ப மாதந்தோறும் ஒரு தொகையும் சேர்க்கிறார்கள். சில மாதங்களில் அது போதாமற் போகிறது. பங்கில் இன்னும் எத்தனை வீடுகளில் இவ்வாறு அடுப்பெரிகிறது என்று கணக்கெடுக்கச் சொன்னேன். பட்டியல் என் மேசைமீது இருக்கிறது. அது நான் எண்ணியதைவிட நீளமானது.